பி குரூப் பேத்தி

என் பேத்திக்குச் சேனை வைத்தது நான்தான். இதை யாரும் துப்புத் துலக்கிக் கண்டுபிடிக்க வேண்டாம், நானே எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறான் என்று இளக்காரமாகவும் நினைக்க வேண்டாம். அரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் நான் மைக்கில் சொன்னால்தான் சாமி புறப்படும், நான் சொன்னால்தான் பந்தியில் இலை விழும். கூலிக்குப் புளியமரம் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவன் நான். இன்றைக்குச் சொந்தமாக ஜெனரேட்டர் இருக்கிறது, பந்தல் சாமான் இருக்கிறது, ஒரு மினி லாரி இருக்கிறது, கூரையில் இரண்டு குழாய் வைத்த ஆட்டோ இருக்கிறது. எல்லாம் இந்தத் தொண்டையால் வந்தவை. அப்பன் பாட்டன் கொடுத்ததில்லை.

சேனை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது. யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் குழந்தைக்கு வரும். ஆகவே அதற்குப் போட்டி உண்டு. என் மகளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளையின் அம்மா, அதாவது எங்கள் சம்மந்தியம்மா, வளைகாப்பு அன்றைக்கே "சேனை நான்தான் வைப்பேன்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அந்தம்மாவுக்கும் எனக்கும் கல்யாணத்திலிருந்தே ஆகாது. சொந்த மகள் கல்யாணம் என்று நான் பத்து ஸ்பீக்கர் பாக்ஸ் கூடுதலாக இறக்கினேன். அவர் மணமேடையிலேயே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வீடியோவில் அந்தப் பஞ்சு தெளிவாகத் தெரிகிறது.

தர்மபுரியில் பெரிய ஆஸ்பத்திரியில் நண்பகலில் பேத்தி பிறந்தாள். சம்மந்தியம்மா பாலக்கோட்டில் பஸ் ஏறிவிட்டதாகப் போன் வந்தது. எனக்கு இருந்தது கொஞ்ச நேரம்தான். சிஸ்டரோ கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "தாய்ப்பால தவுத்து ஒண்ணும் குடுக்கக் கூடாது. தேனு, சக்கரத்தண்ணி, கழுதப்பால் எதுவும் கூடாது. சொல்லிட்டேன்."

"நாங்க எதுக்குங்க சிஸ்டர் குடுக்கப்போறோம்" என்றேன். டீக்கடையில் வாங்கிய சர்க்கரைத் தண்ணீர் என் சட்டைப்பையில், இருமல் மருந்து மூடியில், மேலே பிளாஸ்டிக் தாள் மூடி ரப்பர் பேண்ட் போட்டு இருந்தது. சிஸ்டர் பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பினார். ஒயர் கட்டுகிற விரல், வேட்டியில் ஒரு தடவை துடைத்தேன், தொட்டேன், வைத்தேன். குழந்தை சப்புக்கொட்டினாள். என் வாழ்க்கையில் எத்தனையோ கைதட்டல் கேட்டிருக்கிறேன், அது மாதிரி ஒன்று கேட்டதில்லை.

சம்மந்தியம்மா வந்து என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

"ஏங்கண்ணா, வச்சிட்டீங்களா?"

"வச்சாச்சுங்க."

"பொட்டப்புள்ளைக்கு உங்க வாயி வந்துச்சுன்னா எவன் கட்டிக்குவான்?"

"கட்டிக்கிறவன் காதுல பஞ்சு வச்சிக்கட்டும்" என்றேன். என் மனைவி என் தொடையில் கிள்ளினாள். அத்தோடு அன்றைய சந்தோஷம் முடிந்தது.

மறுநாள் காலையில் குழந்தை பால் குடிக்கவில்லை. வாயில் வைத்தால் விட்டுவிடுகிறாள். மூச்சு விடும்போது "ம்ம்… ம்ம்…" என்று ஒரு சத்தம். என் மனைவி, "உங்களாட்டமே கொறட்ட உடுறா பாருங்க" என்று சிரித்தாள். மகளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சத்தத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். முப்பது ஸ்பீக்கர் ஒன்றாகக் கத்தும்போது எந்த மரத்தில் ஒயர் தளர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். எர்த் சரியில்லாத ஆம்ப்ளிஃபயரில் அடியில் ஒரு இரைச்சல் ஓடும், பாட்டு நன்றாக இருப்பது போலவே இருக்கும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் போய்விடும். அந்த இரைச்சல் இது.

"இது கொறட்ட இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிஸ்டரைக் கையோடு கூட்டிவந்தேன். அவர் துணியை விலக்கிப் பார்த்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்வந்தது. அப்படியே குழந்தையை எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

பச்சைக் குழந்தைகள் வார்டு கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்தது. அங்கே ஒரு பெண் டாக்டர், என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். "கிருமித் தொற்று மாதிரி இருக்குங்க அய்யா. இரத்தம் பரிசோதனைக்கு அனுப்பறோம். முடிவு வர வரைக்கும் காத்திருக்க மாட்டோம், ஊசி மருந்த இப்பவே ஆரம்பிக்கறோம். சத்தத்த யாரு கவனிச்சது?"

"நானுங்க."

"நல்லவேளை."

அந்த வார்த்தையை நான் சம்மந்தியம்மாவுக்கு மூன்று தடவை சொன்னேன். மகள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறாளாம், மூக்கில் குழாயாம், கையில் ஊசியாம். அந்தக் கை என் கட்டைவிரல் அளவுகூட இல்லை. பிழைப்பாளா என்று கேட்க எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் வெளியே வந்தார். "டெஸ்ட் முடிவு வந்துருச்சுங்க. குரூப் பி…" என்று ஆரம்பித்து, பிசின் டேப்பைக் கிழிப்பதுபோல ஒரு நீளமான பெயர் சொன்னார். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ அவசரமாகக் கூப்பிட்டார்கள். "இருங்க, வந்து விவரமாச் சொல்றேன்" என்று போய்விட்டார்.

குரூப் பி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் நானும் பி குரூப். ஒரு இரத்ததான முகாமுக்கு இலவசமாக மைக் செட் போட்டேன், நானும் படுத்து இரத்தம் கொடுத்தேன், சான்றிதழ் தந்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். இங்கிலீஷில் எனக்கு ஏ, பி இரண்டு எழுத்தும் நன்றாகத் தெரியும். ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் ஏ, ஸ்பீக்கர் பி என்று போட்டிருக்கும். சான்றிதழில் முதலில் பெரிதாக இருப்பது பி. அன்றிலிருந்து எத்தனையோ மேடையில் "பி குரூப்காரன் பயப்பட மாட்டான்" என்று பேசியிருக்கிறேன்.

"என் குரூப்புதான் வந்திருக்குது" என்று சம்மந்தியம்மாவிடம் சொன்னேன். பெருமையாகச் சொன்னேன் என்பதை மறைக்கவில்லை.

அந்தம்மா எழுந்து நின்றுவிட்டார். "அப்படிச் சொல்லுங்க! சேன வச்சீங்க இல்ல? அதான் எறங்கிடுச்சு. எம்மவன் ஓ குரூப்பு. எங்க பரம்பரையிலேயே பி கெடையாது. அப்பன் ஒரு ரத்தம், வெரல் வழியா எறங்குனது ஒரு ரத்தம். பச்ச ஒடம்பு எதைத் தாங்கும்?"

  அந்தம்மா சொன்ன கணக்கு சரியாக இருந்தது. குணம் இறங்கும் என்று நம்பித்தான் வைத்தேன். குணம் இறங்குகிற வழியில் குரூப் இறங்காது என்று எந்த வாயால் சொல்லுவேன்?

என் மனைவிதான் மெதுவாக, "டாக்டர் வந்து சொல்லட்டுங்க" என்றாள். ஆனால் ஆள் வந்து கேட்டபிறகு கம்பு தேடுகிற பந்தல்காரன் இல்லை நான். தினமும் குழந்தையிடம் இரத்தம் எடுக்கிறார்கள், இப்போது குரூப் சொல்லிவிட்டார்கள், அடுத்து என்ன கேட்பார்கள்? இரத்தம் கேட்பார்கள். கேட்பதற்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பஸ் பிடித்து அரூர் போனேன். ஆட்டோவை எடுத்தேன். மைக்கைப் பிடித்தேன்.

"பொதுமக்கள் கவனத்திற்கு! பிறந்து மூன்றே நாள் ஆன எனது அருமைப் பேத்திக்கு பி குரூப் கண்டிருப்பதால், பி குரூப் உடைய நல்ல உள்ளங்கள் பஸ் நிலையம் முன்பாக உடனடியாகத் திரண்டு வரவும்! வண்டி வசதி உண்டு! சாப்பாடு உண்டு!"

கச்சேரித் தெரு, சந்தைமேடு, பஸ் நிலையம் என்று இரண்டு சுற்று. என் போன் சட்டைப்பையில் துடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிற மாப்பிள்ளை ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறார். டாக்டர் சொன்ன அந்த நீளமான பெயரை மகள் போனில் சொன்னதும் அவர் தேடிப் படித்துவிட்டார், என்னிடம் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். தலைக்கு மேலே இரண்டு குழாய் கத்தும்போது பையில் துடிக்கிற போன் யாருக்குத் தெரியும்?

பதினோரு பேர் திரண்டார்கள். ஊரில் எனக்கு இருக்கிற மதிப்பு அப்படி. பரோட்டா மாஸ்டர் மாவுக்கையோடு வந்தார். ஒருவர் தர்மபுரியில் கண்ணாடி மாற்ற வேண்டும், போகிற வழிதானே என்று ஏறினார். அரசுத் தேர்வுக்குப் படிக்கிற ஒருத்தர் மட்டும் லாரியில் ஏறாமல் நின்றார்.

"அய்யா, இந்த குரூப் பி-க்கு வயசு வரம்பு என்னங்க? நான் குரூப் ஃபோருக்குத்தான் படிச்சிருக்கேன்."

"ரத்தம் இருக்குதா உனக்கு?"

"இருக்குதுங்க."

"ஏறு."

பந்தல் கம்புகளுக்கும் சிவப்பு ஜமுக்காளத்துக்கும் நடுவே பதினோரு பேரும் நின்றபடி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். வாட்ச்மேன் ஓடிவந்து, "இங்க பந்தல் போடக் கூடாதுங்க, யாரு கல்யாணமா இருந்தாலும்" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நீங்க அந்த வூட்டு ஆளுங்களா? காலையில உங்க வூட்டம்மா ஒருத்தங்க முந்தானையில பாட்டில ஒளிச்சிக்கிட்டு உள்ள போகப் பாத்தாங்க. புடிச்சி, பாட்டில்ல என்னாம்மான்னு கேட்டேன். 'ஏ குரூப்பு'ன்றாங்க."

அது சம்மந்தியம்மா. அவர் ஏ குரூப்பாம். மறுபடியும் ஒரு சேனை வைத்தால் மேலே வைத்தது நிற்கும், அடியில் இருப்பது போய்விடும் என்பது அவருடைய கணக்கு. பெயின்ட் அடிப்பது மாதிரி. பாட்டிலைப் பிடுங்கி ஊற்றிவிட்டார்கள் என்ற கோபத்தில் வராந்தாவில் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் வெளியே வந்தபோது பதினோரு பேரும் வரிசையாகச் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார்கள். நான் சொல்லி வைத்திருந்தேன்.

"இவங்கல்லாம் யாரு?"

"பி குரூப்புங்க. எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க. பத்தலன்னா இன்னொரு லோடு அடிக்கிறேன்."

டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அங்கேயிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார், என்னையும் உட்காரச் சொன்னார். "அய்யா, குரூப் பி-ன்னு நான் சொன்னது இரத்த குரூப் இல்லீங்க. அது கிருமியோட பேரு."

"கிருமிக்கு எதுக்குங்க குரூப்பு?"

"அந்தச் சாதிக் கிருமி நெறைய இருக்கு. அடையாளம் தெரியறதுக்கு ஏ, பி, சின்னு பிரிச்சி வச்சிருக்காங்க. உங்க மைக் செட்ல ஒயருக்கு நம்பர் போட மாட்டீங்களா, அப்படி. இரத்தத்துக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

சம்மந்தியம்மா சுவரிலிருந்து திரும்பினார். "அப்படின்னா எங்கிருந்து வந்துச்சுங்கம்மா?"

"நெறைய பொம்பளைங்க உடம்புல இது சும்மா இருக்கும். குடல்ல இருக்கும், குழந்தை வர்ற வழியில இருக்கும். அவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. இருக்கறதே தெரியாது. பொறக்கும்போது சில குழந்தைங்களுக்குத் தொத்திக்கும். அது அம்மாவோட தப்பு இல்ல." அப்புறம் என் மகளைப் பார்த்துக் கேட்டார். "தண்ணிக்குடம் எப்போ ஒடஞ்சுதும்மா? உள்ள சேத்தப்போ அன்னைக்குக் காலையிலன்னு எழுதியிருக்கு."

என் மகள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "அதுக்கு மொத நாள் காலையிலேயே கசிய ஆரம்பிச்சிருச்சுங்க. அப்பாவுக்குப் போன் பண்ணேன். ஆறு தடவ பண்ணேன். கோயில் திருவிழாவுல மைக் போட்டிருந்தாரு. எடுக்கல."

இதையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நான் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தேன். வந்து விஷயம் கேட்டும், "வலி வரட்டும், வலி இல்லாம போனா திருப்பி அனுப்பிடுவாங்க" என்று சொன்னது நான். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, திட்டுவார்களே என்று, அன்று காலைதான் உடைந்தது என்று சொன்னதும் நான். என் மனைவி காத்திருக்க வேண்டாம், ராத்திரியே போய்விடலாம் என்றாள். எனக்குத் தெரியாததா என்றேன். விடிந்துதான் கிளம்பினோம்.

"தண்ணி ஒடஞ்சா வலிக்குக் காத்திருக்கக் கூடாதுங்க அய்யா" என்றார் டாக்டர். "நேரம் ஆக ஆகக் கிருமி மேல ஏற வாய்ப்பு அதிகம். உடனே வந்து சரியா சொல்லியிருந்தா அம்மாவுக்கே மருந்து போட்டிருப்போம்." அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். பதினோரு பேரும் மடித்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார்கள்.

எல்லாரும் அந்தப் பக்கம் பார்க்கிற நேரம் பார்த்து நான் டாக்டரிடம் குனிந்து கேட்டேன். "என் வெரல்ல இருந்து வந்திருக்குமுங்களா?"

"என்ன வெரலு?"

சொன்னேன். மூடி, ரப்பர் பேண்ட், வேட்டி எல்லாம் சொன்னேன்.

அவர் என் விரலைத் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குன்னா பெரும்பாலும் பொறக்கும்போதே வந்ததாத்தான் இருக்கும். உங்க வெரல்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த வெரல பச்சக்கொழந்த வாயில வச்சது சரின்னும் சொல்ல மாட்டேன். வேற கிருமி எத்தன இருந்துச்சோ!"

பாதிதான் விடுதலை. சம்மந்தியம்மா கேட்டிருந்தால் அதுவே அதிகம் என்பார்.

பிறகு டாக்டர் இன்னொன்று சொன்னார். கிருமி மூளையைச் சுற்றி இருக்கிற நீருக்குப் போயிருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதற்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு கொஞ்சம் நீர் எடுக்க வேண்டும். அதைப் பொறுத்துத்தான் எத்தனை நாள் மருந்து என்று முடிவு செய்ய முடியும். கையெழுத்து வேண்டும்.

அப்போதுதான் நானும் சம்மந்தியம்மாவும் முதன்முதலாக ஒரே கட்சியானோம். "முதுகுல ஊசி போட்டா காலு போயிடும்" என்றார் அவர். "ஆமாங்க, எங்க ஊர்ல ஒருத்தருக்குப் போயிடுச்சு" என்றேன் நான். யாருக்குப் போனது என்று இப்போது யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. "காலு போன பொண்ண யாருங்க கட்டுவாங்க?" என்று அவர். "இன்னும் ரெண்டு நாளு பாக்கலாம், நான் சொல்றேன்" என்று நான். வாழ்க்கையில் நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாகப் பேசியதில்லை. எனக்கே நன்றாக இருந்தது.

"அப்பா" என்றாள் என் மகள். "மைக்க கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க."

வராந்தாவில் மைக் எதுவும் இல்லை. நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அப்புறம்தான் புரிந்தது. அவள் டாக்டரிடம் கை நீட்டிப் பேனாவை வாங்கினாள். "காலு போவுமுங்களா?" என்று ஒன்றே ஒன்று கேட்டாள். "போகாதும்மா. தண்டுவடம் முடியற எடத்துக்குக் கீழதான் எடுப்போம்" என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டாள். நான் படிக்கவைத்த படிப்பு, பன்னிரண்டாவது. நல்ல கையெழுத்து.

குழந்தையை உள்ளே வைத்து நீர் எடுக்கிற நேரத்தில் எங்களால் வராந்தாவில் நிற்க முடியவில்லை. டாக்டரே ஒரு வழி சொன்னார். "இத்தன பேரு வந்திருக்கீங்க. வீணாப் போக வேணாம். கீழ இரத்த வங்கி இருக்கு, குடுத்துட்டுப் போங்க. யாருக்காவது ஆகும்." நான் தலைமை தாங்கி அழைத்துப்போனேன். விரலில் குத்திப் பார்த்தார்கள். பதினோரு பேரில் பி குரூப் மூன்றே பேர். கண்ணாடி மாற்ற வந்தவர் ஏபி. பரோட்டா மாஸ்டருக்கு இரத்தம் போதாது, அவருக்கே ஏற்ற வேண்டும் என்றார்கள். தேர்வுக்குப் படிக்கிறவர் அந்த மூன்று பேரில் ஒருவர். முதல் முறையாக ஒன்றில் பாஸ் ஆனேன் என்று எல்லாரிடமும் சொன்னார்.

கடைசியில் என் விரல். குத்தியவர் சீட்டைப் பார்த்து, "ஓ பாசிட்டிவ்" என்றார்.

"பி" என்றேன்.

"ஓங்க."

"தம்பி, எனக்குச் சான்றிதழே இருக்குது. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்."

அதற்குள் மாப்பிள்ளை ஓசூரிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுச் சான்றிதழைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். அவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மரியாதையாகப் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"மாமா, இது பிளட்டுன்ற வார்த்தையில வர்ற பி. பிளட் டொனேஷன்னு எழுதியிருக்கு. உங்க குரூப்பு கீழ சின்னதா போட்டிருக்காங்க. ஓ."

சம்மந்தியம்மா காதில் இது விழாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மாப்பிள்ளையே போய்ச் சொல்லிவிட்டார். அந்தம்மா மூன்று நாளில் முதன்முறையாகச் சிரித்தார். "அட, எம்மவன் குரூப்புதானா நீங்களும்!" என்றார்.  அவருடைய துணிப்பையில் இருந்து இரண்டு இட்லி எடுத்து என்னிடம் கொடுத்தார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கும் தெரிந்தது.

மறுநாள் முடிவு வந்தது. கிருமி மூளை நீர் வரைக்கும் போயிருக்கிறது. பதினான்கு நாளுக்குக் குறையாமல் ஊசி. ஒரு நாள்கூட முன்னாடி கூட்டிப் போகக் கூடாது என்றார்கள். நடுவில் இரண்டு நாள் காய்ச்சல் ஏறி ரொம்ப மோசம். அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. ஊசி ஆரம்பித்த ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. எட்டாம் நாள் தாயிடம் பால் குடித்தாள். சம்மந்தியம்மா சோப்புப் போட்டுக் கை கழுவக் கற்றுக்கொண்டு, கழுவிய கையை எதிலும் படாமல் மேலே தூக்கிப் பிடித்தபடியே நாள் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். டீ கொடுத்தால்கூட வாங்கமாட்டார். என் மனைவிதான் டம்ளரை வாயில் வைத்து ஊட்டினாள்.

பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார். மூளை வரைக்கும் போன இந்தத் தொற்று சில குழந்தைகளுக்குக் காதைப் பாதிக்கும். வீட்டுக்குப் போகுமுன் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேட்கிறதா என்று பார்க்கவா? என் பேத்திக்கா?

நான் பெட்டிப் பக்கம் போய் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிடுகிறேன் என்றேன். "உங்க சத்தத்துக்குச் செவிடும் திரும்பிப் பாக்கும்ங்க, அது கணக்குல சேராது" என்றார் சிஸ்டர். கருவி இருக்கிறதாம். காதுக்குள் ஒரு சின்ன அடைப்பான் வைத்து, அது ஒரு மெல்லிய சத்தம் கொடுக்குமாம். காது நன்றாக இருந்தால் உள்ளேயிருந்து பதில் சத்தம் ஒன்று திரும்பி வருமாம். காது பதில் சத்தம் கொடுக்கும் என்பது நாற்பது வருஷம் சத்தத்தில் பிழைத்த எனக்குத் தெரியாது. ஆச்சரியமாக இருந்தது.

கடைசி ஊசி முடிந்த மறுநாள் காலை அந்தச் சோதனை. முதல் மாடியில், தெருவைப் பார்த்த ஒரு அறை. குழந்தை தூங்க வேண்டும், அறையில் சத்தம் இருக்கக் கூடாது. கருவி வைத்திருந்த பெண் என் மகளையும் குழந்தையையும் மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார். "அய்யா, நீங்க மூச்சு விடறதே கேக்குது. வெளிய இருங்க." வெளியே வந்தேன். வலது காது முடிந்தது, பாஸ் என்று கதவைத் திறந்து சொன்னார்கள். இடது காது வரவில்லை. மறுபடி வைத்தார்கள், வரவில்லை.

"காது கேக்கலியா?" என்றேன்.

"அப்படிச் சொல்ல முடியாது. வெளிச் சத்தம் ரொம்ப இருக்கு. இரைச்சல்னு காட்டுது."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே டீக்கடை முன்னால் ஒரு மைக் ஆட்டோ. ஏதோ துணிக்கடைத் தள்ளுபடி என்று அலறிக்கொண்டிருந்தது. ட்ரெபிள் ஏகத்துக்கும் ஏற்றி வைத்திருந்தான், காது கிழிந்தது. நான் மாடிப்படியில் இறங்கியது எப்படி என்று எனக்குத் தெரியாது. என் வயது ஆள்தான் மைக் பிடித்திருந்தார். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். அவர் மைக்கை அணைக்காமல் வாயிலிருந்து விலக்கிப் பிடித்து, "என்னுங்க, சாவு வருதா?" என்றார்.

எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். எதிரே சவ ஊர்வலம் வந்தால் மைக்கை நிறுத்துவோம். வேறு எதற்கும் நிறுத்த மாட்டோம்.

"சாவு இல்லீங்க."

"அப்புறம் எதுக்குங்க நிறுத்தணும்?"

"மேல எம்பேத்திக்குக் காது கேக்குதான்னு பாக்குறாங்க. அஞ்சு நிமிசம்."

அவர் என்னைப் பார்த்தார். மேலே ஜன்னலைப் பார்த்தார். சுவிட்சை அணைத்தார். அணைத்துவிட்டு வண்டியின் இன்ஜினையும் அணைத்தார். பிறகு தானாகவே இறங்கிப் போய், டீக்கடை ரேடியோவையும் அணைக்கச் சொன்னார். ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிக்கக் கையை வைத்தான், இவர் நடுரோட்டில் நின்று கும்பிட்டார். லாரிக்காரன் என்ன நினைத்தானோ, லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு இன்ஜினை அணைத்துவிட்டான். யார் சாவு என்று பின்னால் வந்த பஸ்ஸில் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். கண்டக்டர் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

என் போன் துடித்தது. ஒரே துடிப்பில் எடுத்தேன்.

"அப்பா" என்று மகள் குசுகுசுவென்று பேசினாள். "இடதும் வந்துருச்சு. பாஸ். ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஒருக்கா காட்டணுமாம், பின்னாடியும் கொறையலாம்னு சொல்றாங்க. அடுத்த கொழந்த உண்டானா மொதல்லயே இதச் சொல்லணுமாம். நீங்க மேல வராதீங்க. தூங்குறா."

"சரி" என்றேன். நானும் குசுகுசுவென்றுதான் சொன்னேன். மைக் ஆட்டோக்காரரிடம் "கேக்குதாம்" என்றேன். அவரும் "கேக்குதாமா?" என்று குசுகுசுத்தார். லாரியும் பஸ்ஸும் போய்விட்டன. நாங்கள் இரண்டு பேரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எந்த ஊர், எத்தனை குழாய், எந்தக் கம்பெனி ஆம்ப்ளிஃபயர் என்று காதோடு காதாகப் பேசிக்கொண்டோம். அவருக்கும் மூன்று பேத்திகளாம். எங்களுக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு என்று நினைத்து, கேட்காமலேயே இரண்டு சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார் கடைக்காரர்.